சி. கொண்டையராஜு

சி. கொண்டையராஜு (1898 - 1976) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓவியர் ஆவார். தென்னிந்தியாவின் வீடுகள், கடைகள், உணவகங்கள், பூசை அறைகள் ஆகியவற்றில் மாட்டப்பட்ட நாட்காட்டித் தெய்வப் படங்களுக்கு உருவம் தந்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். சென்னையில் பிறந்த இவர் தமது வாழ்நாளின் பிற்பகுதியைக் கோவில்பட்டியில் கழித்தார். இவருடைய ஓவியங்கள் அருகிலுள்ள சிவகாசியின் அச்சகங்களில் பல வண்ணங்களில் அச்சிடப்பட்டுப் பரவின.

கிளிப்பச்சை, குங்குமச் சிவப்பு, மயில்கழுத்து நீலம், பொன்மஞ்சள் போன்ற எடுப்பான நிறங்களை அடுத்தடுத்து வைப்பது இவ்வகைப் படங்களின் அடையாளம் ஆகும். இந்த நிறச்சேர்க்கை பகட்டானது, கண்ணைக் கூசச் செய்வது என்று கலை விமர்சகர்களில் ஒரு சாரார் நெடுங்காலம் குறை கூறி வந்துள்ளனர். ஆனால் இதனை உருவாக்கியவர் முறையாக ஓவியம் பயின்றவர். நிறங்களை அடக்கி ஆளும் ஐரோப்பியப் பாணியை அவர் அறிந்திருந்தார். அந்தப் பாணியிலிருந்து அவர் விலகி வந்த வழியைக் கோயில் மரபு, நாடக மேடை, அச்சுத் தொழில் ஆகிய மூன்றின் துணையோடு விளக்க முடியும்.

பிறப்பும் கல்வியும்

கொண்டையராஜு 1898ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தினர் நாட்டு மருத்துவத்தில் ஈடுபட்டிருந்தவர்கள். இளமையிலேயே ஓவியத்தில் நாட்டம் கொண்ட இவர், சென்னை கலைப் பள்ளியில் சேர்ந்து பயின்றார்.

இப்பள்ளி 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. பின்னர் அரசின் பொறுப்பில் வந்தது. இது இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்னும் பெயரில் சென்னையில் இயங்கி வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு கைவினைத் தொழில்களோடு ஐரோப்பிய முறையிலான வரைகலையும் கற்பிக்கப்பட்டது. ஒளியும் நிழலும், தொலைவுத் தோற்றம், மனித உடலின் அளவு விகிதம் ஆகியவை அம்முறையின் அடிப்படைகள். கொண்டையராஜுவின் பிற்காலப் படங்களில் தெய்வ உருவங்கள் சதைப்பற்றுடனும் உருண்ட வடிவுடனும் தோன்றுவதற்கு இப்பயிற்சியே அடித்தளம் ஆகும்.

அக்காலத்தில் தெய்வப் படங்களுக்கு முன்மாதிரியாக விளங்கியவை இரவி வர்மாவின் (1848 - 1906) ஓவியங்கள். இரவி வர்மா 1894இல் பம்பாயில் ஓர் அச்சகத்தை நிறுவினார். இலட்சுமி, சரசுவதி போன்ற தமது எண்ணெய் வண்ண ஓவியங்களை அங்கு கல்லச்சில் பல வண்ணங்களில் அச்சிட்டு, எளிய மக்களும் வாங்கும் விலையில் விற்கச் செய்தார். கோயிலுக்குள் சென்று காண முடியாத நிலையில் இருந்த மக்களுக்கும் இதன் வழியே தெய்வ உருவம் வீட்டிற்குள் கிடைத்தது. கொண்டையராஜு ஓவியம் கற்ற காலத்தில் இப்படங்கள் தென்னிந்தியா எங்கும் பரவியிருந்தன.

திருவண்ணாமலை

இளமையில் கொண்டையராஜு துறவு வாழ்க்கையால் ஈர்க்கப்பட்டார். திருவண்ணாமலையில் இரமண மகரிசியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். அங்கு இரமணரின் உருவப்படத்தை வரைந்தார்.

இரமணர் (1879 - 1950) இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்சுழியில் பிறந்தவர். கொண்டையராஜுவின் ஓவியத் தொழில் பிற்காலத்தில் அதே வட்டாரத்தை நம்பி வளர்ந்தது.

ஆசிரமத்திலிருந்து வெளியேறிய பின்பும் கொண்டையராஜு திருமணம் செய்துகொள்ளவில்லை. எளிய வாழ்க்கையை மேற்கொண்டு, பின்னாளில் மாணவர்களையே தமது குடும்பமாகக் கொண்டு வாழ்ந்தார்.

நாடக மேடை

இதனையடுத்து கொண்டையராஜு மதுரையைச் சார்ந்த நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை ஓவியராகச் சேர்ந்தார். அக்காலத் தமிழ் நாடகத்தின் மையமாக மதுரை விளங்கியது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் (1867 - 1922) தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை 1918இல் அங்குதான் தொடங்கினார். சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட இத்தகைய குழுக்கள் ஊர் ஊராகச் சென்று கொட்டகை அமைத்து, புராண நாடகங்களை இரவு முழுவதும் நடத்தின.

நாடகக் குழுவில் திரைச்சீலை ஓவியரின் பங்கு பெரிது. அரண்மனை, பூந்தோட்டம், காடு, கடைவீதி, கயிலாயம், வைகுண்டம் எனக் கதையின் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு சீலை தேவைப்பட்டது. சீலைகள் பெரிய அளவிலான துணியில் வரையப்பட்டு, சுருட்டி மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் தக்கவாறு அமைக்கப்பட்டன. தூள் வண்ணங்களை நீரிலும் பசையிலும் கரைத்து அகன்ற தூரிகையால் தீட்டுவது வழக்கம். பார்சி நாடகக் குழுக்கள் பம்பாயிலிருந்து கொண்டுவந்த காட்சியமைப்பு முறை தமிழ் நாடகத்திலும் வேரூன்றியிருந்தது. தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே சென்று தொலைவில் மறையும் அரண்மனைக் காட்சி இம்முறையைச் சேர்ந்தது.

திரைச்சீலை ஓவியத்திற்கு உரிய நிறமுறை, சட்டமிட்ட ஓவியத்தின் நிறமுறையிலிருந்து வேறுபட்டது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது தொலைவு. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் காட்சி விளங்க வேண்டும். நெருங்கிய நிறங்கள் தொலைவில் ஒன்றாகக் கலந்து மங்கிவிடும். ஒன்றுக்கொன்று எதிரான நிறங்கள் தனித்தனியே தெரியும்.

இரண்டாவது ஒளி. எண்ணெய் விளக்கு, வாயு விளக்கு முதலியவற்றின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் குறைவு. பகலில் நன்றாகத் தோன்றும் நீலமும் ஊதாவும் அவ்வொளியில் கறுத்துத் தோன்றும். ஆகவே மேடைக்கு வரைபவர் நீலத்தையும் பச்சையையும் வழக்கத்தை விடத் தெளிவாக்கித் தீட்ட வேண்டியிருந்தது.

1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாசு வெளிவந்த பிறகு நாடகக் குழுக்களின் செல்வாக்கு படிப்படியாகக் குறைந்தது. நடிகர்கள் பலர் திரைப்படத்திற்குச் சென்றனர். கொண்டையராஜு பணியாற்றிய குழு 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டிக்கு வந்தபோது கலைந்துபோயிற்று. அவரும் அவரிடம் ஓவியம் கற்ற இளைஞர்கள் சிலரும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டனர்.

கோவில்பட்டி

கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதியாயிற்று. மழை குறைந்த கரிசல் பூமி இது. பருத்தி, நூற்பாலை, தீப்பெட்டி ஆகியவை இப்பகுதியின் வாழ்வாதாரங்கள். வடக்கே சாத்தூர் வழியாகச் சிவகாசியும் விருதுநகரும் எளிதில் சென்றடையக்கூடிய தொலைவில் உள்ளன.

இவ்வூரில் கொண்டையராஜுவும் மாணவர்களும் தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் கலையகத்தை நடத்தினர். ஒளிப்படம் எடுப்பது இதன் முக்கியத் தொழில். ஒளிப்படத்தில் குடும்பத்தினர் நிற்பதற்குப் பின்னால் தொங்கவிடப்படும் சீலையைத் தீட்டுவதும், கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணமேற்றுவதும் அக்காலக் கலையகங்களில் ஓவியரின் வேலைகளாக இருந்தன. நாடகத் திரை வரைந்து பழகியவர்களுக்கு இது புதிய வேலை அன்று.

டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன் ஆகியோர் கொண்டையராஜுவின் மாணவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். ஆசிரியருடன் தங்கி, அவருக்கு உதவியாக வேலை செய்தபடியே தொழிலைக் கற்கும் பழைய குருகுல முறையில் இவர்கள் பயின்றனர். ஆசிரியரும் மாணவரும் ஒரே ஓவியத்தில் சேர்ந்து வேலை செய்வதும் உண்டு. இருவர் பெயரும் சேர்ந்து பொறிக்கப்பட்ட படங்கள் பல அச்சாகியுள்ளன. கொண்டையராஜுவின் பெயரும் சுப்பையாவின் பெயரும் இணைந்த படங்கள் அவற்றுள் நன்கு அறியப்பட்டவை.

சிவகாசியில் அச்சுத் தொழில்

கோவில்பட்டிக் கலையகத்தின் ஓவியங்கள் நாடெங்கும் சென்றதற்குக் காரணம் சிவகாசி ஆகும். இவ்வூர் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1922இல் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். இவர்கள் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலே சிவகாசியின் பிற தொழில்களுக்கு வித்திட்டது.

தீப்பெட்டிக்கு மேலே ஒட்டுவதற்கு வண்ணப் படம் தேவை. எழுத்தறியாதவரும் தமக்குப் பழகிய தீப்பெட்டியைப் படத்தைக் கொண்டே அடையாளம் கண்டு வாங்கினர். ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனிப் படமும் தனி நிறமும் வைத்துக்கொண்டது. இப்படங்களை வெளியூரில் அச்சிட்டு வரவழைப்பதற்கு மாறாக உள்ளூரிலேயே அச்சிடும் முயற்சியில் கல்லச்சுக்கூடங்கள் தோன்றின. பின்னர் பட்டாசுத் தொழில் பெருகியபோது பட்டாசுக் கட்டுகளுக்கும் வெடிப்பெட்டிகளுக்கும் வண்ணத் தாள்கள் தேவைப்பட்டன. மழை குறைந்த வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உதவியதைப் போலவே அச்சுத் தொழிலுக்கும் உதவியது. தாள் ஈரம் உறிஞ்சிச் சுருங்காமல் இருந்ததும், மை விரைவில் உலர்ந்ததும் இதன் பயன்கள்.

ஆண்டு முழுவதும் இயந்திரங்களுக்கு வேலை தருவதற்கு ஏற்ற பொருளாக நாட்காட்டி அமைந்தது. ஆடிப்பெருக்கு நாளில் புதிய ஆண்டிற்குரிய நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்பை வெளியிடுவது சிவகாசியில் மரபாக இருந்து வருகிறது. முகவர்கள் இத்தொகுப்பை ஊர் ஊராகக் கொண்டுசெல்வர். வணிகர் தமக்குப் பிடித்த படத்தின் எண்ணைக் குறித்துக் கொடுப்பார். படத்தின் கீழே அவருடைய கடைப் பெயர் அச்சிடப்பட்டு வரும். விருதுநகரின் எண்ணெய், வற்றல், பருப்பு வணிகர்கள் முதல் சிற்றூர் மளிகைக் கடைக்காரர் வரை இவ்வாறு நாட்காட்டி வாங்கி வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக வழங்கினர்.

நாட்காட்டி ஓவியங்கள்

கொண்டையராஜுவின் ஓவியங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் பெருமளவில் இடம்பெற்றவை 1950களிலும் 1960களிலும் ஆகும். இலட்சுமி, சரசுவதி, முருகன், மீனாட்சி திருக்கல்யாணம், இராமர் பட்டாபிசேகம் முதலியவை அவருடைய புகழ்பெற்ற பொருள்கள். கோவில்பட்டி ஓவியர்கள் தேசத் தலைவர்களின் படங்களையும் வரைந்தனர்.

நாட்காட்டிப் படத்தின் அமைப்பிற்கென்று சில விதிகள் உருவாயின. தெய்வம் நடுவில், பார்ப்பவரை நேரே நோக்கியவாறு இருக்க வேண்டும். முகம் இளமையாகவும் சாந்தமாகவும் இருக்க வேண்டும். கோயிலில் உள்ள மூலவரின் அடையாளங்கள் மாறக்கூடாது. சுற்றிலும் மலர், தாமரைக் குளம், மலை, கோபுரம், மேகம் என இடைவெளியின்றி நிரப்பப்பட வேண்டும். கொண்டையராஜுவின் படங்களில் பின்னணி நாடகத் திரைச்சீலையை ஒத்திருக்கிறது. முன்னணியில் தெய்வம் மேடையில் தோன்றுவதைப் போல் நிற்கிறது. இரவி வர்மாவின் தெய்வங்கள் மண்ணுலக மனிதர் சாயலில் இயற்கை ஒளியில் நிற்பவை. கொண்டையராஜுவின் தெய்வங்கள் அலங்காரம் முடிந்து தீபாராதனை காட்டப்படும் வேளையில் காண்பவை எனலாம்.

நிறமுறை

இப்படங்களின் நிறச்சேர்க்கையைத் தனிமனிதரின் விருப்பம் என்று மட்டும் கொள்ள இயலாது. மூன்று தேவைகள் அதனைத் தீர்மானித்தன.

1. கோயில் மரபு

தெய்வங்களின் உடல் நிறம் மரபால் வரையறுக்கப்பட்டது. மீனாட்சி பச்சை நிறத்தவள். திருமால் நீல நிறத்தவர். சிவன் செம்மேனி உடையவராகவோ வெண்ணீறு பூசியவராகவோ காட்டப்படுவார். சரசுவதி வெண்மை, இலட்சுமி செந்தாமரை. மதுரை மீனாட்சி திருக்கல்யாணக் காட்சியில் திருமால் தம் தங்கையின் கையைச் சிவனுக்குத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். மூன்று வேறு நிறங்களைக் கொண்ட மூன்று உடல்கள் ஒரே படத்தின் நடுவில் நெருங்கி நிற்கின்றன. இவற்றுடன் பட்டாடை, பொன்னகை, மலர்மாலை ஆகியவை சேர்கின்றன. ஓவியர் அடக்கமான நிறங்களை விரும்பினாலும் இக்காட்சியை அவ்வாறு வரைவது அரிது. பச்சை மேனிக்குச் சிவப்புப் பட்டு உடுத்துவது, நீல மேனிக்குப் பொன்மஞ்சள் ஆடை உடுத்துவது என்னும் இணைகள் ஓவியத்திற்கு முன்பே கோயில் அலங்காரத்தில் இருந்தவை. திருமாலுக்குப் பீதாம்பரம் உரியதாதல் இதற்கு எடுத்துக்காட்டு.

கோபுரச் சுதைச் சிற்பங்களுக்குப் பல வண்ணம் பூசும் வழக்கமும், பொன் தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த தஞ்சாவூர் ஓவியமும், உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு எதிர் நிறமும் கொண்ட பட்டுச் சேலையும் இதே சுவையைச் சேர்ந்தவை.

2. எதிர் நிறங்களின் இயல்பு

சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் ஒன்றுக்கொன்று எதிர் நிறங்கள் ஆகும். இவற்றை அருகருகே வைத்தால் இரண்டுமே தனித்திருப்பதை விடப் பிரகாசமாகத் தோன்றும். பாரிசு நகரின் கோபெலின் நெசவுக் கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த மைக்கேல் யூசின் செவ்ரூல் என்னும் வேதியியலாளர் இவ்விளைவை ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார். சாயம் மங்கலாக உள்ளது என்று வந்த புகார்களுக்குக் காரணம் சாயம் அன்று, பக்கத்து நூலின் நிறமே என்று அவர் கண்டறிந்தார். பின்னர் பிரெஞ்சு ஓவியர்கள் பலர் இவ்விதியைத் தமது ஓவியங்களில் பயன்படுத்தினர். நாடக மேடையிலும் சேலைக் கரையிலும் இதே விளைவு நூலின் துணையின்றிக் கையாளப்பட்டு வந்தது.

3. அச்சு முறை

கல்லச்சில் எண்ணெய்ப் பசை கொண்ட மையால் சுண்ணாம்புக் கல்லின் மீது படம் வரையப்படும். கல்லை நனைத்தால் வரையப்படாத இடம் நீரை ஏற்கும், வரையப்பட்ட இடம் மையை மட்டும் ஏற்கும். ஒவ்வொரு நிறத்திற்கும் தனிக் கல் வேண்டும். பின்னர் துத்தநாகத் தகடுகளும், அதனையடுத்து ஆப்செட் முறையும் வந்தன. ஆப்செட் முறையில் ஓவியம் ஒளிப்படக் கருவியின் வழியே மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் நுண்புள்ளிகளாக அடுத்தடுத்து அச்சாகும்போது கண் அவற்றைக் கலந்து ஒரே படமாகக் காண்கிறது.

இந்த வழியில் மூல ஓவியத்தின் நுட்பமான இடைநிறங்கள் சிதைவதற்கு வாய்ப்பு மிகுதி. பச்சையும் ஊதாவும் அச்சில் அழுக்கேறியதைப் போல் தோன்றக்கூடும். மலிவான தாள் மையை உறிஞ்சுவதால் பிரகாசம் மேலும் குறையும். எனவே அச்சுக்கு வரையும் ஓவியர் மூல ஓவியத்திலேயே நிறங்களைத் தூய்மையாகவும் தெளிவாகவும் வைத்துவிடுவது பாதுகாப்பானது. படம் சென்று சேரும் இடமும் இதனையே வேண்டியது. சிற்றூர் வீட்டின் பூசை மாடத்தில் ஒற்றை விளக்கு எரியும். மளிகைக் கடையின் உட்சுவர் பகலிலும் இருட்டாக இருக்கும். அங்கு மாட்டப்படும் படம் தெருவில் நின்று பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும். இவ்வகையில் நாட்காட்டியின் தேவை நாடகத் திரைச்சீலையின் தேவையை ஒத்திருந்தது. திரைச்சீலையில் கற்ற நிறமுறை அச்சில் பயன்பட்டதற்கு இதுவே காரணம் எனலாம்.

விமர்சனங்கள்

கொண்டையராஜு கோவில்பட்டியில் வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அவர் பயின்ற சென்னைக் கலைப் பள்ளி வேறு திசையில் சென்றது. 1929இல் தேவி பிரசாத் ராய் சவுத்ரி அதன் பொறுப்பை ஏற்றார். அவருடைய மாணவரான கே. சி. எஸ். பணிக்கர் பின்னர் அதன் முதல்வராகி, 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். நவீன ஓவியர்கள் தென்னிந்தியக் கலைக்குப் புதிய அடையாளத்தைத் தேடினர். கண்காட்சிக் கூடங்களும் விருதுகளும் விமர்சனக் கட்டுரைகளும் அவர்களைச் சுற்றி அமைந்தன.

நாட்காட்டிப் படங்கள் இந்த வட்டத்திற்கு வெளியே நின்றன. காலண்டர் படத்தைப் போல் உள்ளது என்பது ஓவியர்களிடையே ஒரு பழிச்சொல்லாகவே வழங்கியது. நிறம் மிகையானது, முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை, இனிமை திகட்டுகிறது என்பவை முக்கியமான குறைகள். இவற்றுள் சிலவற்றில் உண்மை உண்டு. ஒரே படத்தைச் சிறு மாற்றங்களுடன் பலமுறை வரையும்படி சந்தை கேட்டது. வெற்றி பெற்ற படத்தைப் பார்த்துப் பிறர் வரைந்த படங்களும் ஏராளம். அவற்றில் அளவு பிசகிய உருவங்களும் காரணமின்றிச் சேர்க்கப்பட்ட நிறங்களும் காணப்படுகின்றன. எனினும் இவற்றையும் கொண்டையராஜுவின் படங்களையும் ஒன்றாகக் கருதுவது பொருந்தாது. அவருடைய படங்களில் எதிர் நிறங்கள் மோதும் இடத்திற்கு அருகே வெளிர் நிறம் ஒன்று இடம்பெற்றுக் கண்ணுக்கு ஓய்வளிக்கிறது. முகத்தில் ஒளி மென்மையாகப் படிகிறது. எடுப்பான நிறங்கள் ஆடையிலும் மலரிலும் நிற்க, பார்வை முகத்திற்கே திரும்புகிறது.

பெயரும் உரிமையும்

நாட்காட்டித் தொழிலில் ஓவியருக்குப் பொதுவாக மூல ஓவியத்திற்கென ஒரு தொகை வழங்கப்படும். அதன் பிறகு எத்தனை படிகள் அச்சிடப்பட்டாலும், எத்தனை ஆண்டுகள் மீண்டும் அச்சிடப்பட்டாலும் அவருக்குப் பங்கு இருப்பதில்லை. மூல ஓவியமும் அச்சகத்திடமோ வெளியீட்டாளரிடமோ தங்கிவிடும். அச்சு முடிந்த பின்னர் அதனைப் பாதுகாக்க வேண்டிய தேவை வணிகத்திற்கு இல்லாமையால் இத்தொழிலின் மூல ஓவியங்கள் பல அழிந்துபோயின.

நாட்காட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கடைக்காரரின் பெயர். ஓவியரின் கையொப்பம் படத்தின் அடிமூலையில் சிறிதாக இருக்கும். ஆண்டு முடிந்ததும் தெய்வப் படத்தைக் குப்பையில் எறிய மக்கள் தயங்கினர். தாளை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசை அறையில் வைத்தனர். அவ்வாறு வெட்டும்போது கடைப் பெயருடன் சில வேளைகளில் கையொப்பமும் போய்விடும். அதன் பிறகு அப்படம் யாரால் வரையப்பட்டது என்னும் கேள்விக்கு இடமில்லை. குங்குமம் வைத்து, மாலை சூட்டி, விளக்கேற்றி வணங்கப்படும் படத்திற்கு ஓவியர் ஒருவர் இருந்தார் என்பதே நினைவில் நிற்பதில்லை. கொண்டையராஜுவின் படங்களை வணங்கியவர்களுள் பெரும்பாலோர் அவர் பெயரை அறியாதவர்கள்.

மறைவும் தொடர்ச்சியும்

கொண்டையராஜு 1976ஆம் ஆண்டு காலமானார். அவருடைய மாணவர்களும் அவர்களிடம் பயின்றோரும் நாட்காட்டி ஓவியத்தைத் தொடர்ந்து வளர்த்தனர். பின்னாளில் கணினி வடிவமைப்பு வந்தபோது கையால் முழுப் படத்தையும் தீட்டும் வழக்கம் பெரிதும் குறைந்தது. பழைய ஓவியங்களை வருடியில் படியெடுத்து, பின்னணியை மட்டும் மாற்றிப் புதிய படங்களாக வெளியிடும் முறை பரவியது. கணினித் திரையில் எவ்வளவு அடர்த்தியான நிறத்தையும் ஒரு சொடுக்கில் பெற முடியும். ஆதலால் இன்றைய படங்கள் சிலவற்றில் பிரகாசம் கொண்டையராஜுவின் காலத்தை விடக் கூடியுள்ளது. வெளிர் நிறங்களால் அவர் அளித்த ஓய்வு குறைந்துள்ளது.

ஆய்வுகள்

கல்வி உலகம் இவரைக் கவனிக்கத் தொடங்கியது இவருடைய மறைவுக்குப் பிறகே ஆகும். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் இசுடீபன் இங்கிலிசு கோவில்பட்டி ஓவியர்களை நேரில் ஆய்ந்து, கொண்டையராஜுவை நவீன காலத்தின் ஒரு பெரும் கலைஞராகக் காட்டும் கட்டுரையை எழுதினார். இது 1995இல் வெளியான ஒரு தொகுப்பு நூலில் இடம்பெற்றது. கிறித்தோபர் பின்னே இந்திய அச்சுப் படங்களின் வரலாற்றை 2004இல் வெளியான தமது நூலில் ஆராய்ந்தார். கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட நூல், சிவகாசியின் நாட்காட்டி வணிகத்தையும் ஓவியர், அச்சகத்தார், வணிகர் ஆகியோரிடையே நிலவிய உறவையும் விரிவாக ஆராய்கிறது. இவ்வாய்வுகளின் பின்னர் நாட்காட்டிப் படங்களைத் தாழ்ந்த சுவையின் சான்றாக மட்டும் காணும் போக்கு தளர்ந்துள்ளது. அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் அவற்றைத் தேடத் தொடங்கினர்.

பாதுகாப்பு

கொண்டையராஜுவின் நிறங்களை இன்று அறிவதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. அச்சு மைகளுள் மஞ்சளும் கருஞ்சிவப்பும் வெயிலில் விரைவாக மங்கும் இயல்புடையவை. நீலமும் கறுப்பும் நெடுங்காலம் நிற்கும். கடைகளின் வெளிச்சுவரிலும் சன்னலோரத்திலும் பல ஆண்டுகள் தொங்கிய தெய்வப் படங்கள் நீலம் பாய்ந்து தோன்றுவதற்கு இதுவே காரணம். குங்குமச் சிவப்பு பட்டாடை சாம்பல் நிறமாகிறது. பொன் நகை வெளிறுகிறது. மஞ்சளும் நீலமும் சேர்ந்து உருவான கிளிப்பச்சை, மஞ்சளை இழந்து மீண்டும் நீலமாகிறது. பச்சை மேனியளான மீனாட்சியும் நீல மேனியரான திருமாலும் ஒரே நிறத்தவராகி விடுகின்றனர்.

ஆகவே வெளிச்சம் படாமல் மடித்தோ சுருட்டியோ வைக்கப்பட்ட படிகளே அவருடைய நிறமுறைக்கு நம்பகமான சான்றுகள். அச்சகங்களின் பழைய மாதிரித் தொகுப்புகளும், பெட்டிகளில் வைத்து மறந்துபோன நாட்காட்டித் தாள்களும் இவ்வகையில் மதிப்பு மிக்கவை. இவற்றைக் கையொப்பம், அச்சகத்தின் பெயர், ஆண்டு ஆகிய விவரங்களுடன் படியெடுத்துப் பாதுகாப்பது தமிழகக் கலை வரலாற்றுக்குத் தேவையான பணியாகும்.